லுமாராவுக்கு ஒரு சந்தைப் பாடம்

காலை ஏழு மணிக்கு ரிசார்ட்டின் கேட்டைத் திறக்கச் சொன்ன உதவி மேலாளர் இளவரசி, திறந்த கேட்டை உடனே மூடச் சொன்னாள். வெளியே பனிமூட்டத்துக்குள் நாற்பது ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் பை. சிலர் தோளில் சாக்கு. ஒருவர் தலையில் காலி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு நிக்கறாங்க?" என்று தோட்டக்காரர் மணியிடம் கேட்டாள்.

"இலவசம்னு போட்டிருக்குதுங்களே மேடம்" என்றார் மணி. அவர் கையிலும் ஒரு பை இருந்தது.

இளவரசி அந்த வேலையில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். மேலாளர் நாற்காலி மூன்று மாதமாகக் காலி. முதலாளி சரவணன் கோயம்புத்தூரிலிருந்து போன் போட்டு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். இன்று ரிசார்ட்டில் நடக்கிற கூட்டம் ஒரு புகாரும் இல்லாமல் முடிந்தால் நாற்காலி அவளுக்கு. புகார் வந்தால் அவருடைய மச்சானுக்கு. மச்சான் ஏற்கனவே ஒரு தடவை வந்து, மேலாளர் அறையில் ஏசியை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஏற்காட்டில் ஏசி கேட்கிற மனிதருக்குக் கீழே வேலை பார்ப்பதை இளவரசியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. இந்துமாக்கடலில் லுமாரா என்றொரு தீவு. விடுதலை வாங்கி எட்டே மாதம் ஆகியிருந்தது. கொடி தயார், தேசிய கீதம் தயார். பிழைப்பை எப்படி நடத்துவது என்பதைத்தான் இன்னும் முடிவு பண்ணவில்லை. வேறு யாராவது போய்த் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதற்கு முன்னால் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்று சேலம் தொழிலதிபர்கள் பேரவையின் தலைவர் ஐயாக்கண்ணு தீர்மானித்தார். தண்ணீர்க் குழாய் செய்கிறவர் அவர். அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், நாடு தானாக முன்னேறிவிடும் என்பது அவருடைய கொள்கை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் அதைத்தான் பேசுவார். பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விடுவார்.

ஆக லுமாராவின் வர்த்தக அமைச்சரும் பதினோரு அதிகாரிகளும், ஃப்ரீ மார்க்கெட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இன்று ஏற்காட்டுக்கு வருகிறார்கள். மணி சொன்ன 'இலவசம்' எங்கே போட்டிருக்கிறது என்று பார்க்க, இளவரசி தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு டவுன் நடுவே ஒண்டிக்கடைக்குப் போனாள். முனையில் இருபது அடி நீளத்துக்கு ப்ளெக்ஸ் கட்டியிருந்தது. பேரவை அலுவலகத்தில் யாரோ 'ஃப்ரீ மார்க்கெட்' என்பதைப் போனில் போட்டுத் தமிழாக்கி, அப்படியே அச்சடிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

'லுமாரா நாட்டு அமைச்சருக்கு நல்வரவு. மாபெரும் இலவசச் சந்தை.'

அதற்குக் கீழே, ப்ளெக்ஸ் கடைக்காரர் எல்லா ப்ளெக்ஸிலும் பழக்க தோஷத்தில் போடுகிற வரி: 'அனைவரும் வருக.' அதற்கும் கீழே ரிசார்ட்டின் பெயரும், வழி காட்டும் அம்புக்குறியும்.

பேரவை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. ப்ளெக்ஸை அவிழ்த்துவிடலாம் என்றால் அமைச்சருக்கான வரவேற்பும் ஐயாக்கண்ணுவின் படமும் அதில் இருக்கின்றன. தலைவரின் படத்தை இறக்கினால் அதைவிடப் பெரிய புகார் வேறு கிடையாது. 'இலவச' என்பதை மட்டும் மறைத்துவிடுங்கள் என்று மணியிடம் போனில் சொல்லிவிட்டு ரிசார்ட்டுக்குத் திரும்பினாள். மணி நல்ல வேலைக்காரர். ரிசார்ட்டின் வெள்ளைப் போர்வை ஒன்றை நாலாக மடித்து, அந்த ஒரு சொல்லின் மேல் கச்சிதமாகக் கட்டிவிட்டு வந்தார்.

இப்போது ப்ளெக்ஸ் 'மாபெரும் சந்தை' என்றது.

அது ஞாயிற்றுக்கிழமை. பொங்கல் கழிந்த வாரம். கமலாப்பழமும் காப்பிக்கொட்டையும் மலையெல்லாம் குவிந்து கிடந்த நேரம். தலைச்சோலையிலிருந்தும் கொட்டச்சேட்டிலிருந்தும் டவுனுக்குச் சரக்கு கொண்டுவந்த ஜீப்புகள் ஒண்டிக்கடை முனையில் நின்று படித்தன. படித்துவிட்டு அம்புக்குறி காட்டிய பக்கம் திரும்பின. கேட்டில் இருந்த காவலாளிக்கு, பழ மூட்டையோடு எந்த ஜீப் வந்தாலும் சமையலறைக்கென்று உள்ளே விடுவதுதான் வழக்கம். விட்டான். எட்டரை மணிக்கு இளவரசி மாடி ஜன்னலைத் திறந்தபோது, கீழே புல்வெளியில் முப்பது பேர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து காலிப் பையோடு நின்றவர்களும் கூடவே உள்ளே வந்து பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்டாக்காரர் மட்டும் இன்னும் நம்பிக்கையை விடாமல் அண்டாவோடு சுற்றி வந்தார்.

நீரூற்றுக்குப் பக்கத்தில், இருந்ததிலேயே நல்ல இடத்தில், தலைச்சோலைப் பூவாயி கமலாப்பழத்தைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். இளவரசி அவளிடம் போய், இது சந்தை இல்லை, வெளிநாட்டு மந்திரி வருகிறார், எல்லாரும் கிளம்புங்கள் என்று பதமாகச் சொன்னாள்.

பூவாயி சுற்றும்முற்றும் பார்த்தாள். "சந்தை இல்லாட்டி இவ்வளவு சனம் எப்படிக் கண்ணு வரும்?" என்று கேட்டாள்.

இளவரசி மைக்கை நோக்கி நடந்தாள். அவளிடம் யோசனை ஒன்று இருந்தது. அழைக்கப்பட்டவர்கள் தவிர மற்றவர்கள் வெளியேற வேண்டும் என்பதை மரியாதையாகச் சொல்ல ஒரு வழி. மைக்கைப் பிடித்து, டோக்கன் உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி, டோக்கன் இல்லாதவர்கள் தயவுசெய்து வெளியே போகவும் என்று அறிவித்தாள்.

அந்தச் சொல்லை அவள் சொல்லியிருக்கக் கூடாது. டோக்கன் என்று ஒன்று இருந்தால், அதற்கு எதையோ தரப்போகிறார்கள் என்பது தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். முதலில் இலவசம் என்று போட்டார்கள், பிறகு போர்வை போட்டு மூடினார்கள், இப்போது டோக்கன் என்கிறார்கள், ஆகவே சாமான் பெரிய சாமான்தான் என்று ஒண்டிக்கடை முழுக்கப் பேச்சாகிவிட்டது. சிலர் மிக்ஸி என்றார்கள். சிலர் சைக்கிள் என்றார்கள். ஏரியில் படகுச் சவாரிக்கு நின்ற சுற்றுலாக் கூட்டத்தில் பாதி, வரிசையை விட்டுவிட்டு இந்த வரிசைக்கு வந்துவிட்டது. ஒன்பதரை மணிக்கு வரிசையின் வால் ஏரிக்கரை வளைவில் இருந்தது. வாலில் நின்றவர்கள், எதற்கு நிற்கிறோம் என்று முன்னால் நின்றவர்களைக் கேட்க, முன்னால் நின்றவர்கள் சைக்கிளுக்கு என்றார்கள்.

ஐயாக்கண்ணுவின் கார் அந்த வரிசையில்தான் மாட்டியது. அரைக் கிலோமீட்டர் நடந்து வந்தார். வேட்டி ஓரமெல்லாம் சேறு. வழியில் இரண்டு பேர் அவரை வரிசையில் வரும்படி அதட்டியிருந்தார்கள்.

இளவரசி நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். ப்ளெக்ஸ் விஷயம் கேட்டதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இலவசம் என்ற சொல்லை எதிர்த்து முப்பது வருஷமாக மேடைமேடையாகப் பேசியவர் அவர். அவருடைய படத்துக்குக் கீழேயே அதை அச்சடித்திருக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குப் போன் இருக்கிற அளவுக்குப் புத்தி இல்லை என்று திட்டித் தீர்த்தார். பிறகு புல்வெளியைப் பார்த்தார்.

"யாரு இவங்களுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க. அவங்களா வந்தாங்க, அவங்களா விக்கறாங்க."

"அதெப்படி? ஆளாளுக்கு வந்து உக்காந்து விக்கறதுக்கு இது என்ன இடம்?"

இளவரசி மேலாளர் நாற்காலியை நினைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டாள். "இன்னைக்கு நீங்க பேசப்போறதும் இதைப் பத்தித்தானுங்களே?"

"அது வேற, இது வேற" என்றார் ஐயாக்கண்ணு.

அது எப்படி வேறு என்று அவர் விளக்கத் தொடங்கியபோது, அவர் கண்ணில் சித்தன் பட்டான். கொட்டச்சேட்டுக்காரன். ஜீப்பின் பின்கதவைத் திறந்துவைத்து, காப்பித் தோட்டத்துக்கான தண்ணீர்க் குழாய்ச் சுருள்களை விற்றுக்கொண்டிருந்தான். ஐயாக்கண்ணுவின் குழாய் இல்லை. வேறு யாரோ செய்த குழாய். விலையும் பாதி. தலைவருக்கு மூச்சு வாங்கியது. பாதி விலைக்கு ஒருவன் விற்றால் மற்றவன் எப்படிப் பிழைப்பது, இதைக் கேட்க ஆளில்லையா, அதிகாரிகள் எல்லாம் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். அந்த ஆளை உடனே வெளியேற்றச் சொன்னார். வெளியேற்றினால் கூச்சலாகும், மந்திரி வருகிற நேரம் என்று இளவரசி தயங்கினாள். அப்படியானால் எல்லாரும் ஒரே விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று மைக்கில் சொல்லிவிடு என்றார்.

அவள் சொன்னாள். தலைவர் சொன்னதை அப்படியே சொன்னாள். "இங்க எல்லாரும் ஒரே விலைக்குத்தான் விக்கணும்."

தலைவர் நினைத்தது ஊரில் விற்கிற குழாய் விலை. ஜனம் புரிந்துகொண்டது வேறு. ஒரே விலை என்றால் எல்லாப் பொருளுக்கும் ஒரே விலை. பூவாயியின் கமலாப்பழக் கூறு இருபது ரூபாய். ஆகவே பக்கத்துக் கூடையில் இருந்த நாட்டுக்கோழியும் இருபது ரூபாய். ஒரு படி மிளகும் இருபது ரூபாய். சித்தனின் குழாய்ச் சுருளும் இருபது ரூபாய். கோழிக்காரர் மறுத்தார். மைக்கில் சொன்னதை மறுக்க அவர் யார் என்று நாலு பேர் கேட்டார்கள். ஐந்தாவது ஆள் கூடையைத் தூக்கினார். கூடையின் அடி கழன்று, ஒன்பது கோழிகள் புல்வெளியில் சிதறி ஓடின. அண்டாக்காரர் அன்றைக்கு முதல் தடவையாகத் தன் அண்டாவுக்கு வேலை கிடைத்ததென்று ஒரு சேவலை அமுக்கப் பாய்ந்தார்.

அந்தக் கணத்தில்தான் லுமாரா நாட்டுக் குழுவின் வேன் உள்ளே வந்தது.

இளவரசி வேனைப் பின்வாசல் வழியாகக் கூடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். அந்த ஆள் சேவல் பின்னால் போயிருந்தான். வேன் நேராகப் புல்வெளி ஓரம் வந்து நின்றது. அமைச்சர் இறங்கினார். ஆறடி உயரம், அகலமான சிரிப்பு. அவர் காலடியில் ஒரு கோழி ஓடியது. குனிந்து பிடித்து, சொந்தக்காரரிடம் கொடுத்தார். புல்வெளி கைதட்டியது.

அவருடன் இறங்கிய மொழிபெயர்ப்பாளர் லெனோரா இளவரசியைப் பார்த்துக் கும்பிட்டாள். "வணக்கமுங்க. நான் சேலத்துலதான் நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சனுங்க. உங்க ஊரு குளிரு நொம்ப நல்லா இருக்குதுங்க." லுமாராப் பெண்ணின் வாயில் சேலத்துத் தமிழைக் கேட்டு இளவரசிக்கு ஒரு நிமிஷம் அழுகையே வந்துவிட்டது. காலையிலிருந்து அவளிடம் நல்ல வார்த்தை சொன்ன முதல் ஆள் அந்தப் பெண்தான்.

குழு கூடத்துக்குப் போகவில்லை. சாக்குகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தது. பூவாயி இரண்டு கை நிறையக் கமலாப்பழத்தை அள்ளி அமைச்சரிடம் நீட்டினாள். அவர் சட்டைப்பையில் கைவிட்டார். பூவாயி தலையை ஆட்டினாள். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தவரிடம் பழத்துக்குக் காசு வாங்கினால் தலைச்சோலையில் தலைகாட்ட முடியாது என்று சொன்னாள். லெனோரா அதை மொழிபெயர்த்தாள். அமைச்சர் பழங்களை இரண்டு கையாலும் வாங்கித் தன் அதிகாரிகளிடம் காட்டினார். பூவாயி கொடுத்துவிட்டாள் என்றதும் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒருவர் மிளகு கொடுத்தார். ஒருவர் தேன் கொடுத்தார். சித்தன் ஒரு குழாய்ச் சுருளை அதிகாரி ஒருவரின் தோளில் மாட்டியே விட்டான். ஐயாக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கூடத்துக்குள் போன பிறகுதான் தலைவருக்கு உயிர் வந்தது. அங்கே பேரவை உறுப்பினர்களின் பொருட்காட்சி. மோட்டார், குழாய், ஜவ்வரிசி ஆலை இயந்திரம், விசைத்தறி, கண்ணாடிப் பெட்டியில் வெள்ளிக் கொலுசு. லுமாரா அதிகாரிகள் பார்த்த மாதிரி இதுவரை யாரும் பார்த்ததில்லை. டேப் வைத்து நீளம் அகலம் அளந்தார்கள். எடை கேட்டார்கள். எதை எதன் மேல் அடுக்கலாம், எது உடையும், எது உடையாது என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கும் என்று கேட்டார்கள்.

"எத்தனை வேணும்னாலும் இருக்குதுன்னு சொல்லும்மா" என்றார் ஐயாக்கண்ணு லெனோராவிடம்.

அவள் சொன்னாள். பதினோரு அதிகாரிகளும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஐயாக்கண்ணு இளவரசியின் பக்கம் சாய்ந்து, கற்றுக்கொள்கிறவர்கள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார். நம் ஊர் ஆட்களுக்கு எத்தனை பேசினாலும் ஏறாது. இவர்களுக்கு ஒரே ஒரு கடிதம்தான் போட்டோம், அதுவும் மரியாதைக்காக நம் அலுவலகத்திலேயே அவர்கள் மொழியில் மாற்றிப் போட்டோம், மறுநாளே வருகிறோம் என்று பதில் வந்துவிட்டது என்றார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அவர் பேசினார். எழுதிவைத்திருந்த பதினெட்டுப் பக்கத்தைச் சேற்றில் நடந்தபோது எங்கோ தவறவிட்டிருந்தார். அதனால் மனதிலிருந்து பேசினார். அது நல்லதாகப் போயிற்று.

"ஃப்ரீ மார்க்கெட்டுங்கறது பெரிய வித்தை ஒண்ணுமில்லைங்க. மனசு வெக்கோணும், கதவைத் தொறந்து உடோணும், அவ்வளவுதான். குறுக்கால அரசாங்கம் வரப்படாது, ஆபீசர் வரப்படாது. சரக்கு இருக்கற எடத்துல இருந்து இல்லாத எடத்துக்கு அதுபாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்கோணும். நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

லெனோரா ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, லுமாராக்காரர்கள் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். 'சும்மா இருந்தாப் போதும்' என்பதை அவள் சொன்னதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐயாக்கண்ணு முப்பது வருஷமாகப் பேசுகிறார். அவர் பேச்சுக்குப் பலர் எழுந்ததுண்டு, வெளியே போக. கைதட்ட எழுந்தது இதுதான் முதல் தடவை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அமைச்சர் பதிலுக்குச் சுருக்கமாகப் பேசினார். லெனோரா மெதுவாக மொழிபெயர்த்தாள். "எங்களை ஆண்டவங்க போறப்ப, ஆபீசுல ஒரு மேசையைக்கூட உட்டுட்டுப் போகலைங்க. அப்பறம் வந்தவங்க எல்லாரும் எங்ககிட்ட கையெழுத்துத்தான் கேட்டாங்க. உங்களை மாதிரி ஒருத்தரும் கடுதாசி போடலைங்க. எங்க பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்துல சேலத்துப் பேரைப் போடப்போறமுங்க."

கூடத்தில் இருந்த தொழிலதிபர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கொலுசுக்காரர் வெளிப்படையாகவே அழுதார்.

நாலு மணிக்குப் புல்வெளி காலியாகியிருந்தது. கொண்டுவந்த சரக்கு ஒன்றுகூட மீதம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் சைக்கிள் வராது என்று தெரிந்ததும், வந்ததற்குத் தேனும் மிளகும் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். முதலாளி சரவணன் போன் செய்தார். ஐயாக்கண்ணு தன்னிடம் பத்து நிமிஷம் பேசினார், புல்வெளியில் உயிருள்ள சந்தையையே நடத்திக்காட்டிய உங்களிடம் வேலை பார்க்கிற பெண்ணின் மூளையே மூளை என்று புகழ்ந்தார், ஒன்றாம் தேதியிலிருந்து நீங்கள்தான் மேலாளர் என்றார். மச்சானுக்கு ஊட்டியில் வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். இளவரசி, சரிங்க, நன்றிங்க என்று மட்டும் சொன்னாள். போனை வைத்துவிட்டு, நீரூற்றுத் திட்டில் உட்கார்ந்து, காலையிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டினாள்.

போர்ட்டிகோவில் வழியனுப்பு நடந்துகொண்டிருந்தது. ஐயாக்கண்ணு அமைச்சரின் கையைப் பிடித்த பிடியை விடாமல், உங்கள் நாட்டுக்கு இனி எந்தக் குறையும் இருக்காது, பேரவை பின்னால் நிற்கிறது, என்ன வேண்டுமானாலும் கூச்சப்படாமல் கேளுங்கள் என்றார். அமைச்சர் லெனோராவின் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து பேரவையின் முத்திரை போட்ட ஒரு கடிதத்தை எடுத்து, மடிப்பை மரியாதையாகப் பிரித்தாள்.

"ஐயா, எங்க மினிஸ்டர் ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க: நீங்க எங்க நாட்டுக்குச் சும்மாவே குடுக்கறதா இதுல எழுதியிருக்கற சாமானை ஏத்தறதுக்கு ரெண்டு கப்பல் தூத்துக்குடியில வந்து காலியா நிக்குதுங்க, சேலத்துல இருந்து லாரி நீங்களே புடிச்சுத் தர்றீங்களா, இல்லைன்னா அதையாச்சும் நாங்க பாத்துக்கட்டுங்களா?"